ஆடிட்டிங் இல்லாத காலேஜ்

அப்பா கல்லுப்போல உயிரோடுதான் இருந்தார். ஆனால் நாஞ்சில் நாட்டில் எங்களுக்கு மருமக்கள் வழி. சொத்து அம்மாவின் குடும்பத்துக்கு. அதை ஆளுகிற காரணவர் அம்மாவின் அண்ணன். எனக்குச் செருப்பு வாங்குவதானாலும் மாமா தலையாட்ட வேண்டும். இண்டர்மீடியட் தேறியதும், கமர்ஸ் படிக்கிற ஆசையை அவர் முன்னால்தான் கொண்டுபோய் வைத்தேன்.

கேட்ட நேரம் சரியில்லை. மருமக்கள் காரணவரிடம் கணக்கும் கேட்கலாம், பாகமும் கேட்கலாம் என்று சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் மாமாமார் எல்லோருக்கும் மருமகன்மேல் புதிதாக ஒரு மரியாதை.

மூன்று காலேஜுக்கு எழுதிப்போட்டு விவரப் புத்தகம் வரவழைத்து, பாடங்களைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மாமா வெற்றிலை மென்றபடி கேட்டார். பாங்கிங், சரி. புக் கீப்பிங், அதுவும் சரி.

"ஆடிட்டிங்னா என்னலே?"

"ஒருத்தர் எழுதிவச்ச கணக்கை இன்னொருத்தர் துருவிப் பாக்கது மாமா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெற்றிலை மெல்வது நின்றுவிட்டது.

மறுநாள் முதல் காலேஜில் தண்ணீர் சரியில்லை என்றார். அதற்கு மறுநாள் இரண்டாவதில் சாப்பாடு சரியில்லை. இரண்டையும் அவர் கண்ணால் கண்டதில்லை. மூன்றாவது, சென்னையில் புதிதாகத் தொடங்கியது. அதன் புத்தகத்தில் அந்தப் பாழாய்ப்போன சொல் இல்லை. நாலு தடவை புரட்டச் சொன்னார்.

"இதுதான் மக்களே நல்ல காலேஜு."

சேர்க்க அவரே வந்தார். பிரின்சிபால் தமிழர், தங்கமான மனிதர். "புத்தகத்தில் போட முடியவில்லை, இப்போது ஆடிட்டிங்கும் வைத்துவிட்டோம்" என்றார் பெருமையாக. அடுத்த ரயிலில் திரும்பக் கூட்டிப் போய்விடுவார், ஆயுசு முழுக்க வரப்பு வெட்ட வேண்டியதுதான் என்று நின்றேன்.

மாமா பிரின்சிபாலைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பாடம் எந்த வருசம்?"

"இரண்டாவது வருஷம்."

"அப்பம் ஒரு வருசம் கெடக்கு" என்று மடியை அவிழ்த்துப் பணம் கட்டினார். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

முதல் வருஷம் முடிந்து லீவுக்கு வந்தேன். நான் கேட்காமலேயே மாமா கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். "பாத்துக்கோ மக்களே. ஒளிவுமறைவு கெடையாது, கேட்டியா."

பன்னிரண்டு வருஷத்து நெல் கணக்கு. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. பன்னிரண்டு வருஷமும் ஒரே ஊதா மை. தாளில் கடைவாசனைகூடப் போகவில்லை. மாமாவின் மூன்று விரல்களில் அதே ஊதா.

இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டிங் படிக்க வேண்டாம். கோபம் வந்தது. ஒரு வருஷம் முழுக்கக் குனிந்து எழுதியிருக்கிறாரே மனுஷன் என்று சிரிப்பும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் வருஷ ஃபீஸை நினைத்தேன்.

"கணக்கு சரியா இருக்கு மாமா."

பிற்பாடு எத்தனையோ கம்பெனிக் கணக்குகளை மூஞ்சியில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் பார்த்த முதல் ஆடிட் அதுதான். ஃபீஸ் அன்று மத்தியானமே கைக்கு வந்தது. நான் கேட்டதைவிடப் பத்து ரூபாய் அதிகம் இருந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை.