கடைசி ஷாட்டில் அம்மா

பேய்ப் படங்களுக்கு டிரெய்லர் வெட்டுவதுதான் என் பிழைப்பு. சென்னையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாதவர்களைப் பயமுறுத்துகிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் ஒரு சந்தோஷமான குடும்பம் காரில் மலையேறும். டிரோன் மேலிருந்து துரத்தும். பிறகு கதாநாயகியை ஃப்ரேமின் ஓரத்தில் ஒதுக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் காலி இடம் விட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்தே ஜனம் பாதி செத்துவிடும். கேமரா ஒரு கதவை நோக்கி மெல்லப் போகும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இசையை அறுத்து, திரையைக் கறுப்பாக்கி, படத்தின் பெயரைப் போட்டதும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைசியாக ஒரு முகம்.

அப்படி ஒரு படத்தைப் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் எடுத்தார்கள். வீட்டைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். படப்பிடிப்பு நடந்த பத்து நாளும் குழுவுக்கு அவள்தான் டீ போட்டாள்.

டிரெய்லர் வெட்ட உட்கார்ந்தபோது நடிகையின் பேய் முகம் எடுபடவேயில்லை. அத்தனை மேக்கப்பும் வீண். தேடியதில், கேமராக்காரர் ஃபோகஸ் பார்க்க எடுத்த ஒரு துண்டு கிடைத்தது. பனிமூட்டத்தில் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் அம்மா, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிப்பு தொடங்குவதற்கு முன்பே வெட்டினேன். வேகத்தைக் குறைத்து, நிறத்தை உறிஞ்சி நீலமாக்கி, ஒரு கிறீச்சிடும் சத்தத்தைச் சேர்த்தேன். அது அம்மா என்பதே மறந்துபோய்விட்டது என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். நன்றாக வந்ததும் மற்றதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரே பெருமை. கேரட் தோட்டத்து வேலைக்கு வெள்ளனே ஜீப்பில் கூட வரும் பெண்களிடம் அவளே அதைப் போட்டுக் காட்டச் சொன்னாளாம். முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் டிரெய்லரைப் பார்த்த ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனேன். அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். காரணம் கேட்டால் மூட்டு வலி என்றாள். ஜீப் டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நம்ம கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும்னு பேசிக்கிறாங்க. ஒங்கம்மா ஏறுனா மத்தவங்க எறங்கிக்கிறாங்க. நான் என்ன செய்ய?"

மறுநாள் ஜீப் வரும் இடத்துக்குப் போய், வெட்டாத ஷாட்டை அந்தப் பெண்களிடம் காட்டினேன். நிறத்தை எப்படி எடுத்தேன், சத்தத்தை எங்கே வைத்தேன் என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே" என்றாள் ஒருத்தி. வருஷக்கணக்காக அம்மாவோடு சோறு மாற்றிச் சாப்பிட்டவள் அவள். ஜீப் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

படக் கம்பெனியில் கெஞ்சி அந்த ஷாட்டை டிரெய்லரிலிருந்து நீக்க வைத்தேன். அதற்குள் அது யார் யார் போனிலோ போய்விட்டிருந்தது. சென்னைக்கு வரச்சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். "அங்க எனக்கு என்ன சோலி கெடக்கு?" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். எதிரே வந்த இரண்டு பெண்கள் சாலையின் அந்தப் பக்கம் மாறி நடந்தார்கள். அம்மா அதைப் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பஸ் வந்ததும் சொன்னாள்.

"தம்பி, திரும்பவும் பேய்ப் படம் எடுப்பாங்களா? எடுத்தா நம்ம வீட்டுக்கே வரச் சொல்லு. அந்தப் புள்ளைங்க பத்து நாளும் எங்கூட நல்லாப் பேசிக்கிட்டு இருந்துச்சுங்க. என்னையவே பேயா நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன்."