எஸ்தர் அக்காவும் சுண்ணாம்பு வைத்தியமும்

ஞாயிறு காலை எஸ்தர் அக்காவின் மகள் பியூலா போன் செய்தாள். "அக்கா, அம்மா போயிட்டா. தூக்கத்துலயே" என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் ஞாபகத்துக்கு வந்தது சண்டைதான். அப்பப்பா, எத்தனை சண்டை!

மாலை ஸ்லோ ட்ரெயினில், பெண்கள் பெட்டியில் எங்களோடு வந்த தோழிகளுக்கு எஸ்தர் அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பூர்வீகம். மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் சரக்குக் கட்டும் வேலை. வண்டி ஏறியதும் மடியில் பையை விரித்துக் கீரை ஆய ஆரம்பிப்பார். சயானில் இறங்குவதற்குள் இரண்டு கட்டு முடிந்துவிடும், கூடவே பத்துப் பேருக்கு வைத்தியமும். நானோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பொறுப்பேனா?

"மஞ்சக்காமாலைக்கு மந்திரிச்சா, கை வழியா மஞ்சத் தண்ணி எறங்கும். என் கண்ணால பாத்திருக்கேன்" என்று ஒருநாள் அடித்துச் சொன்னார். மறுநாளே மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தண்ணீரும் கொண்டுபோனேன். எனக்குக் காமாலை கிடையாது. சாற்றைக் கையில் தடவி, சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினேன். மஞ்சள் மஞ்சளாக வழிந்தது! பெட்டியே கைதட்டியது. ஒரு மராத்திப் பெண் விசில் கூட அடித்தார். அக்காவும் சிரித்தார். ஆனால் சயானில் இறங்கும்போது வழக்கமாகச் சொல்லும் "வாரேன்டி"யைச் சொல்லவில்லை. வெற்றி மயக்கத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள் மெல்லக் கேட்டார்: "பக்கத்து வீட்டுப் பிள்ளைய முந்தாநாள் தெருநாய் கடிச்சிட்டு. மொளகா வத்தப்பொடியும் சுண்ணாம்பும் வச்சிருக்கு. நாய் நல்லாத்தான் சுத்துது. ஒண்ணும் ஆவாதுல்லா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்த மடச்சி வச்சா?" என்று கத்தினேன். நாலு பெஞ்சு திரும்பிப் பார்த்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கைகளைப் பார்த்தேன். கீரையைக் கீழே போட்டுவிட்டுத் தண்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையா? இல்லை, பியூலா! அப்போது அவளுக்குப் பத்து வயது.

நான் இறங்க வேண்டியது தாணே ஸ்டேஷனில். அன்று சயானில் அக்காவுக்குப் பின்னாலேயே குதித்தேன். பிளாட்பாரத்தில் கையைப் பிடித்து, "ஏன்க்கா என்கிட்ட அன்னிக்கே சொல்லல?" என்றேன்.

"நாலு பேர் பாக்க நீ ஜெயிச்சிக்கிட்டே இருந்தா, நான் எப்பிடிட்டி ஒங்கிட்ட வந்து கேப்பேன்?"

அவரே தொடர்ந்தார். "சின்னதுல என்னையும் நாய் கடிச்சிட்டு. எங்கம்மா சுண்ணாம்புதான் வச்சா. இந்தா நிக்கேன்லா? அப்ப அவ மடச்சியா?"

அவரைக் கடித்த நாய்க்கு வெறி இருந்திருக்காது என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் பதில் அதுதான்!

"அம்மாவுக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி இருந்துதாக்கா?"

"எங்க இருந்துச்சி? பஸ்ஸே கெடையாது."

"இருந்திருந்தா?"

கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அக்கா பையைத் தோளில் மாட்டினார். "தூக்கிட்டு ஓடியிருப்பா" என்றார். சொன்னவர் நிற்கவில்லை, ஓடினார். நானும் ஓடினேன். வீட்டுக்குப் போய், குழாயடியில் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, பியூலாவை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முதல் ஊசி போட்டபோது பியூலா அழவில்லை, அக்காதான் ஓவென்று அழுதார்.

மறுநாள் பெட்டியில் ஏறியதும் அறிவித்தார்: "சுண்ணாம்பும் வச்சேன், ஊசியும் போட்டேன். எது கேட்டுச்சோ, யார் கண்டா!" எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், இப்போது பாயப்போகிறாள் என்று. எனக்கும் உடம்பெல்லாம் பரபரத்தது. ஆனால் நகர்ந்து உட்கார்ந்து, மூவர் பெஞ்சில் நான்காவது இடத்தை அவருக்குக் கொடுத்தேன். பாதிக் கீரையை நானே வாங்கி ஆய்ந்தேன். அன்று "வாரேன்டி" கிடைத்தது.

கடைசி வரை அக்கா சுண்ணாம்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பியூலாவுக்கு ஒரு ஊசியையும் தவறவிடவில்லை. இப்போது கையில் மந்திரித்த கயிற்றோடு யாராவது ரத்தம் கொடுக்க வந்தால், நான் கேலி செய்வதில்லை. யார் கட்டிவிட்டார்கள் என்று கேட்கிறேன், அதுவும் மற்றவர்கள் காதில் விழாமல். எஸ்தர் அக்கா எனக்கு விட்டுச் சென்றது இதுதான்.

இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. ஞாயிறு காலை அந்தச் செய்தியைச் சொன்ன குரல். இருபத்திரண்டு வயதுக் குரல். அக்கா, உங்கள் பியூலா எனக்குப் போன் செய்தாள்.