கோபால் அண்ணன் எழுதச் சொன்ன மனு

கோபால் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள், தானா ராத்தா ஊர் மருத்துவமனையிலிருந்து அழைத்தபோது, ரிங்லெட் ஊரில் லோரிக்குக் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏற்றி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். நம் தோட்டத்தில் தொழிற்சங்கப் பொறுப்பை முப்பது வருடம் சுமந்தவர். வேலையில் அடிபட்டாலோ முடங்கினாலோ பணம் தரும் சமூகக் காப்புறுதியைத் துரை போடும் பிச்சை என்று நம்மவர்கள் நம்பிய காலத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்று அதன் கதையைச் சொன்னவர். "முன்னெல்லாம் கை போனா, தோட்டம் ஒருவாட்டி காசக் குடுத்து வெளிய அனுப்பிரும். இப்ப நாமளும் கட்டறோம், மொதலாளியும் கட்டறான். இது நம்மளோடது லா, கும்பிட்டு வாங்காதீங்க" என்பார். ஆரம்பத்தில் பெரிய முதலாளிகளிடம் வேலை செய்தவர்களுக்கு மட்டும் இருந்த காப்பு, பின்னால் சின்னக் காய்கறித் தோட்டங்களுக்கும், வெகுகாலம் கழித்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும், "இவ்ளோ நாளு விழுந்தவனெல்லாம் மனுசன் இல்லியா?" என்று கேட்பார்.

என் அப்பா மழையில் மருந்து அடிக்கப் போய், மலைச்சரிவில் பம்போடு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கங்காணி ராமையா வீட்டுக்கே ஓடி வந்தார். "அண்ணே, வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்க. மழையில அனுப்புனேன்னு தெரிஞ்சா என் வேல போயிரும்." அப்பா தலையாட்டினார். அடிபட்டவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டித்தான் டாக்டரிடம் கூட்டிப்போவது நம் வழக்கம். மண்ணோடு போனால் மானக்கேடு. அன்றும் அப்படித்தான். உடம்பில் ஒட்டியிருந்த மலைமண்ணை அம்மா தன் கையாலேயே கழுவினாள்.

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. அதற்குமேல் வேலையில் பட்ட அடிக்கு மட்டுமே காப்பு என்பது அப்போதைய விதி. வீட்டில் விழுந்ததாகவே பதிவாகியிருந்ததால், அண்ணன் சாட்சி தேடி, கூட வேலை செய்த எல்லோர் கதவையும் தட்டினார். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களில் சிலர் இதைப் படிக்கக்கூடும்; படியுங்கள். மனு தள்ளுபடியானது. அப்பா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து செத்தார்.

பிறகு விதி மாறியது, வயது வரம்பு அறுபதானது. அது கைகொடுத்தது யாருக்கு? ஐம்பத்தெட்டு வயதில் வாதம் வந்து விழுந்த அதே ராமையாவுக்கு. அண்ணனுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. ராமையாவின் இயலாமை ஓய்வூதிய மனுவை எழுதித்தர என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆளுக்கா? என் கை எழுதாதுண்ணே."

"அப்ப ஒங்கப்பனுக்குக் கையெழுத்துப் போடாதவனுங்கள ஏன்டா திட்டுற?"

எழுதினேன். ராமையாவுக்கு இன்றும் மாதாமாதம் வருகிறது. அண்ணனின் இறுதிச் சடங்குக்கு அவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். நான் பேசவில்லை. அவரை மன்னிக்கச் சொல்லி அண்ணன் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது, மனு எழுத மறுத்த அன்று கேட்ட அந்த ஒரு கேள்விதான். எனக்குப் பிடிக்காத எவனாவது மனுவோடு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், அது என்னை உட்காரவைத்து எழுதவைக்கிறது.