கொடுவாவின் நீளம்

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பத்து கிலோவுக்குக் குறையாத ஒரு கொடுவா மீனைத் தூண்டிலில் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த கையோடு மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவாராம். அதற்காக ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாளிலும் மனுஷர் வீட்டில் இல்லையென்றால் எரிச்சல் வருமா, வராதா?

தருமபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் திருவேட்டக்குடி அம்மாளுக்கு அவரைப் பார்த்தாலே சிரிப்பு. அவள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். "சார், ஆத்து மீனெல்லாம் ஒங்க மூஞ்சிய பாத்துப் பழகிருச்சு. இனிமே எங்க மாட்டும்?" என்பாள். பிடித்த மீனைத் திரும்ப விடப்போகிறார் என்று நான் சொன்ன அன்று, கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "டீச்சர், சாருக்கு வீட்டுல ஒழுங்கா சோறு போடுறீங்களா, இல்லையா?"

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தப்பிப்போன மீனைப் பற்றி அவளிடம் சொல்லுவார். இரண்டு கையையும் அகல விரித்து, "இவ்ளோ நீளம்மா! கரை வரைக்கும் வந்துருச்சு" என்பார். நான் பின்னால் வந்து அவர் கைகளைப் பிடித்து நெருக்கி வைப்பேன். "கொஞ்சம் கொறைங்க. இவ்ளோதான் இருக்கும்." மூவரும் சிரிப்போம். உண்மையில் அந்த ஆறு வருஷத்தில் அவர் பிடித்ததிலேயே பெரியது மூன்று கிலோ. அதைத்தான் குழம்பு வைத்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலே குழறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் பிழைத்தார். வலது கை போய்விட்டது, வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சில் பாதி திரும்பி வந்தது. ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வரும் என்றார்கள். அவர் பந்தைத் தொடவே இல்லை. சுவரில் ஆணியில் தொங்கும் தூண்டில் கம்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவள், ஒரு மனுஷனை ஒரு பந்தை அமுக்க வைக்க முடியாமல் சமையலறையில் போய் அழுதேன்.

கடைசியில் பேரம் பேசினேன். "ஒரு மாசம் பந்த அமுக்குங்க. நான் ஒங்கள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்ப நான் புடிக்கிறேன்."

என்னை நம்பாத மாதிரிதான் பார்த்தார். ஆனால் அன்று சாயங்காலமே பந்தைக் கேட்டார். ஒரு மாதம் விடவில்லை. மாதக் கடைசியில் வலது கை விரல்கள் மூன்று லேசாக மடங்கின. அந்த மூன்று விரலை நம்பித்தான் நான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆட்டோ பிடித்துப் போனோம். கருங்கல் கொட்டிய கரையோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுகிற நேரம். அப்போதுதான் கொடுவா இரை தேடி உள்ளே வருமாம். உயிர் இறாலை முள்ளில் கோக்க எனக்கு அருவருப்பு. அவர் இடது கையால் காட்டக் காட்ட எப்படியோ கோத்தேன். முதல் வீச்சு என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது என் முந்தானையில் மாட்டியது. அவர் வாய் கோணியபடி சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! மீனே வேண்டாம், இதுவே போதும் என்று நினைத்தேன். மூன்றாவது வீச்சு நல்ல இடத்தில் போய் விழுந்தது.

சூரியன் இறங்கும்போது மாட்டியது. கம்பு வளைந்தது, ரீல் கிறீச்சென்று கத்தியது, நூல் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சுத்தாத," என்றார் அவர். "ஓட... ஓடட்டும்." குழறினாலும் புரிந்தது. ஓடவிட்டேன். நடு ஆற்றில் அது தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறியது பாருங்கள், அம்மாடி! வகுப்பில் நான் பலகையில் கோடு போடும் ஒரு மீட்டர் மரக்கோல் நீளத்துக்கு ஒரு வெள்ளி உடம்பு. நான் கண்ணால் அளந்தால் பெரும்பாலும் தப்பாது. பத்து கிலோ நிச்சயம் இருக்கும்.

"இப்ப... மெதுவா... சுத்து." சுற்றினேன். அது இழுத்தால் விட்டேன், நின்றால் சுற்றினேன். தோள் இற்றுப்போனது. அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் பேச்சை நான் அவ்வளவு கேட்டது அன்றுதான். மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தபடி கரைக்கு வந்தது. பத்தடி இருக்கும். அதன் கண்கூடத் தெரிந்தது.

அப்போது அது கடைசியாக ஒரு திருப்பு திருப்பிக் கருங்கல் இடுக்குப் பக்கம் போகப் பார்த்தது. ரீல் சுற்றச் சுற்ற நூல் வராததைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் குரும்பகரத்துக்காரி. பதினெட்டு வயசு வரைக்கும் கிணற்றில் தண்ணீர் இழுத்தவள். கனமாக ஒன்று கயிற்றில் தொங்கினால் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். கம்பைக் கீழே போட்டேன். நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, வாளியை இழுக்கிற மாதிரி கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன்.

"கம்பு! கம்பு!" என்று கத்தினார். நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். இடது கை முன்னால் வந்தது, வலது கை மடியிலேயே கிடந்தது. மீனின் முழு வலுவும் வளைந்து கொடுக்க ஒன்றும் இல்லாமல் என் உள்ளங்கையில் இறங்கியது. அது ஒரே ஓர் உதறல்தான் உதறியது. நூல் என் கையை அறுத்துக்கொண்டு பட்டென்று தெறித்தது.

தண்ணீர் அடங்கிவிட்டது. என் கையிலிருந்து ரத்தம் சொட்டியது. திரும்பிப் பார்த்தேன். வாதம் வந்ததிலிருந்து அவர் வலது கண்ணில் எப்போதும் நீர் கசியும். அன்று இரண்டு கண்ணிலும் வழிந்தது. "என்னங்க, எனக்குத் தெரியலைங்க, பதறிட்டேங்க," என்றேன். வீட்டுக்கு வந்து பந்தை நீட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பாழாய்ப்போன மீனை இழந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த மூன்று விரலையும் நானே ஆற்றில் போட்டுவிட்டு வந்தேனே என்றுதான் அடித்துக்கொண்டது.

காலையில் வழக்கம்போல மீன்கார அம்மாள் வந்தாள். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கட்டுப்போட்ட கையோடு சாப்பாட்டு டப்பாவை மூட முடியாமல் மூடிக்கொண்டிருந்தேன். "என்ன சார், நேத்து ரெண்டு பேருமா ஆத்துக்குப் போனீங்களாமே! எதாச்சும் மாட்டுச்சா?" என்று பழைய கேலியில் கேட்டுவிட்டாள். நான் கண்ணைக் காட்டுவதற்குள் வார்த்தை வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் இடது கையைத் தூக்கிப் பக்கவாட்டில் நீட்டினார். மீனின் ஒரு முனை அங்கே நின்றது. வலது கையை அசைக்கப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. மடியில் விரல்கள் துடித்தன, கை எழவில்லை. நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மீன்கார அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் டப்பாவை வைத்துவிட்டுப் போய் அவர் வலது பக்கம் நின்றேன். கட்டுப்போட்ட என் கையை எட்டும் வரைக்கும் நீட்டினேன். "இவ்ளோ நீளம்மா," என்றேன். "கரை வரைக்கும் வந்துருச்சு. நாந்தான் கெடுத்துட்டேன்."

அவர் தலையைத் திருப்பி, தன் கையிலிருந்து என் கை வரைக்கும் பார்த்தார்.

"கொஞ்சம்... கொறை," என்றார்.

நான் குறைக்கவில்லை.