வேலை போன டீச்சரும் எங்கள் கீதாவும்

பெரிய பேரன் ரவி பெங்களூரில் இன்ஜினியர். சின்னவன் சி.ஏ. பாஸ். பேத்தி கீதா கல்லூரியிலேயே முதல் மார்க், எம்.எஸ்சி.க்கும் இடம் கிடைத்துவிட்டது.

இன்று சேலையூர் வீட்டில் நானும் கீதாவும் சிடி போட்டு ஒரு படம் பார்த்தோம். பெண்கள் கல்லூரி டீச்சர் ஒருத்தி, கல்யாணத்துக்காகப் படிப்பை விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்கே வேலை போய்விடுகிறது.

அதைப் பார்த்த பிறகும் கீதா, "பாட்டி, நான் மேல படிக்கணும்னு அப்பாகிட்ட நீயாவது சொல்லேன்" என்றாள்.

சொன்னேன்.

"அஞ்சாங்கிளாஸோட நின்ன நீ நல்லா வாழலையாம்மா? தையில கல்யாணம், அவ்ளோதான்" என்றான் என் மகன்.

சுவரில் இருந்த அவன் அப்பா படத்தின் மாலையைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனேன்.

ரவி, நீ அமைத்துக் கொடுத்த இந்த வலைப்பூவின் முகப்புப் படத்தில் என் பக்கத்தில் கீதா பட்டமளிப்பு அங்கியோடு நிற்கிறாளே, அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டில். புடவை கட்டிய புதுப் படம் அனுப்புகிறேன், போட்டுவிடு. சிரிக்கிற படம் கேட்காதே.