கண்ணாடிப் பெட்டிக்குள் என் கை

கையும் களவுமாகப் பிடிபட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கையும் வடையுமாகப் பிடிபட்டேன். அதுவும் கொச்சியில், மட்டாஞ்சேரி கடைத்தெருவில், காலை பத்தரை மணிக்கு, ஊரே பார்க்க!

சுத்தம், சுகாதாரம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் உங்கள் காதைத் திருகியிருப்பேன்? அதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தோஷப்படுகிறவர்கள் படலாம்.

என் வீட்டு வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் பேச்சியின் தள்ளுவண்டி. தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் முருகேசன் சாயா அடிப்பார். இவள் வடையும், பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் போடுவாள். பன்னிரண்டு வருஷமாக அதே இடம், அதே மரத்தடி.

வண்டியின் முன்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் கதவு நம்மைப் பார்த்து இருக்கும். இந்த ஊர் சாயாக்கடைப் பழக்கம் அது — நாமே கையை விட்டு எடுத்துத் தின்றுவிட்டு, கிளம்பும்போது எத்தனை என்று சொன்னால் போதும். என்ன ஒரு நம்பிக்கை! இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நான் நெகிழ்ந்தே போய்விட்டேன்.

போன மாதம் ஒருநாள் பேச்சி ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. தெருவில் உணவு விற்கிறவர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அதிகாரி வந்து கடையைப் பார்ப்பார். அவர் கையெழுத்து போட்டால்தான் வண்டி அங்கே நிற்கலாம்.

"யக்கா, இந்த எடம் போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போவோம்? வைப்பின் தீவுல போயி மீன்காரங்களுக்கு நடுவுல நின்னு வடை போடவா?" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அந்த வாயைத்தான் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து வாத்தியாரம்மா அவதாரம். தலைக்குத் தொப்பி போடு. நகத்தை வெட்டு. நேற்றைய எண்ணெயை இன்றைக்குக் காய்ச்சாதே. பேப்பரில் வடையை மடித்துக் கொடுக்காதே — என் பத்தி வந்த பேப்பராகவே இருந்தாலும் சரி.

அப்புறம் தண்ணீர். இந்த ஊரில் பதிமுகப் பட்டை போட்டு இளஞ்சிவப்பாகக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்கக் கொடுப்பார்கள். பேச்சியும் பொறுப்பாகக் கொதிக்க வைப்பாள். பிறகு, குடிக்கிறவர்களுக்கு நாக்கு பொத்துப் போகுமே என்று அதிலேயே குழாய்த் தண்ணீரை ஒரு செம்பு ஊற்றுவாள்!

"பச்சைத் தண்ணிய ஊத்துறதுன்னா அதை எதுக்கு அவ்வளவு நேரம் கொதிக்க வச்சே?" என்று கேட்டேன்.

பேச்சி யோசித்தாள். "அட, ஆமால்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹெல்த் கார்டும் வாங்கியாயிற்று. உணவைக் கையாளுகிறவர்களை டாக்டர் பரிசோதித்து, டைஃபாய்டு ஊசி போட்டுத் தருகிற அட்டை. ஊசி போட்டதும் முருகேசனின் சாயா ரெண்டு நாளைக்கு உயரம் குறைந்துவிட்டது. மனிதரால் கையைத் தூக்க முடியவில்லை. அட்டைகள் இரண்டையும் பிளாஸ்டிக் உறை போட்டு வண்டியில் தொங்கவிட்டோம். ஏதோ பரம்வீர் சக்ரா வாங்கினதுபோல் ரெண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை. அதிகாரி வருகிற நாள். நல்ல கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கே நான் ஆஜர். ஆட்டோக்கார ஜோசப் சேட்டனும், எர்ணாகுளம் பிராட்வேக்குத் துணி எடுக்கப் போகிறவர்போல் பெரிய பையோடு சுடிதார் போட்ட ஒரு பெண்ணும் சாயா குடித்துக்கொண்டு நின்றார்கள். பத்தாயிற்று. பத்தே கால் ஆயிற்று. அதிகாரியைக் காணோம்.

எனக்குப் பசி. பெட்டிக்குள் கையை விட்டேன். ஒரு உளுந்து வடையை அமுக்கிப் பார்த்தேன் — ஆறிப் போயிருந்தது. அடுத்ததை அமுக்கினேன் — அதுவும் அப்படித்தான். மூன்றாவது… ஆகா, சூடு! எடுத்து ஒரு கடி கடித்தேன்.

ஏன் முறைக்கிறீர்கள்? நீங்கள் அமுக்கிப் பார்த்ததே இல்லையா? தக்காளியை? மாம்பழத்தை? பேக்கரியில் பன்னை? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சுடிதார்ப் பெண் கிளாஸைக் கீழே வைத்தார். பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்தார். முக்கால் மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார் அதிகாரி!

ஜோசப் சேட்டனின் கை அப்போது பெட்டிக்குள் பாதி வழியில் இருந்தது. சத்தமில்லாமல் வெளியே வந்து சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"ஈ சேச்சி ஆரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் அதிகாரி. "ரெண்டு வடை ஞெக்கி நோக்கி, திரிச்சு வச்சு. மூணாவதுதான் எடுத்து." இரண்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேனாம்.

என் வாய் நிறைய வடை. பேச்சியின் வாய் சும்மா இருக்குமா? "மேடம், அது நம்ம கடை ஆளு!" என்று போட்டாளே ஒரு போடு.

"ஆணோ? எங்கில் ஹெல்த் கார்டு எவிடே? தொப்பி எவிடே?" அப்படியா, அப்படியென்றால் அட்டை எங்கே, தொப்பி எங்கே என்கிறார்.

முருகேசன் அடித்த சாயா கிளாஸில் விழாமல் அவர் கால்மேல் விழுந்தது. பேச்சியின் முகம் வெளிறிவிட்டது. என்னைக் காப்பாற்றப் போய் அவள் கடையே போகப் பார்த்தது.

"மேடம், பொய். நான் கடை ஆள் இல்லை, கஸ்டமர்" என்றேன். "தப்பு என்னுடையது. அவளை ஒன்றும் செய்துவிடாதீர்கள்."

"சேச்சிக்கு எந்தா பணி?"

"பத்திரிகையில் எழுதுகிறேன்."

"எந்தினெப் பற்றி?"

விழுங்கினேன். "சுத்தத்தைப் பற்றியும்… எழுதுவதுண்டு."

ஜோசப் சேட்டன் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். துரோகி!

அதிகாரி சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். எண்ணெய் நல்லது, தண்ணீர் நல்லது, கை நல்லது என்றார். "பட்சே, ஈ பெட்டி…" ஆனால் பெட்டிதான் சரியில்லையாம். கதவு கடைக்காரர் பக்கம் திரும்ப வேண்டும். எடுத்துக் கொடுக்க இடுக்கி வேண்டும். அடுத்த வெள்ளி வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. போகும்போது பேச்சியிடம், "கள்ளம் பறயருது, கேட்டோ? கடை ஆளு எங்கில் கார்டு வேணும்" என்றார். பொய் சொல்லக் கூடாதாம்.

அவர் போனதும் பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாலு பேரு முன்னால உங்கள தல குனிய விட்ருவனா யக்கா? வாயில வந்துட்டு, சொல்லிட்டேன். இப்ப பொய்க்காரின்னு கையெழுத்து போடாமப் போயிருவாங்களோ?"

ஆறின வடையை அமுக்கிவிட்டு நியாயம் பேசுகிற என்னைப் போய்த் தன் ஆள் என்று சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் வேறு யார் என்னை அப்படிச் சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தேன். பஸ் கம்பியைப் பிடித்த கை. நாளெல்லாம் செல்போனைத் தடவுகிற கை. கடைக்காரர் கை சுத்தமா என்று நாம் எல்லாரும் குனிந்து குனிந்து பார்க்கிறோம். நம் கையை யார் பார்ப்பது?

முடிவு செய்துவிட்டேன். மறுநாளே டாக்டரிடம் போனேன். நகம், தோல், கண் எல்லாம் பார்த்தார்.

"எந்தா ஜோலி?"

"வடைக்கடை" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

ஊசி போட்டார். அம்மாடி! முருகேசனைக் கிண்டல் செய்ததற்கு அந்த ஊசியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி அதிகாரி வந்தார். பெட்டி திரும்பியிருந்தது. பளபளவென்று இடுக்கி. தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு சாயா கிளாஸ்களை நீட்டிக்கொண்டிருந்தேன் நான். தொங்குகிற அட்டைகளை அவர் பார்த்தார். ஒன்று, இரண்டு… மூன்று! மூன்றாவதிலிருந்த போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேச்சி…?"

"கடை ஆளு" என்றேன். "செவ்வாயும் வெள்ளியும், காலையில் ஒரு மணி நேரம். சம்பளம், சாயா."

சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சிரித்துக்கொண்டே வண்டி மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்து போட்டார். முருகேசன் அன்றைக்கு அடித்த சாயா மரக்கிளையைத் தொட்டுவிட்டு இறங்கியது. பேச்சி இடுக்கியால் ஒரு வடையை எடுத்து அதிகாரியின் தட்டில் வைத்தாள். அவர் அதை ஒரு விரலால் மெல்ல… அமுக்கிப் பார்த்தார்! தன் தட்டு, தன் வடை. குற்றமில்லை.

பேச்சி சொன்ன பொய் இப்போது பொய் இல்லை. வாரம் ரெண்டு நாள் தவறாமல் போகிறேன். ஊசி போட்டாயிற்று, தொப்பி போட்டாயிற்று, அட்டையும் மாட்டியாயிற்று. ஆனாலும் என் கை வடைப் பெட்டிப் பக்கம் நகர்ந்தால் போதும்… இடுக்கியாலேயே கையில் ஒரு தட்டு தட்டுகிறாள் பேச்சி!