மெயினை இறக்கும் முன்

மலைமேல் இருக்கும் எங்கள் நாகலூரில் தேவகுமாரியின் வேலை என்னவென்று யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. மற்றவர்கள் நிரலில் செய்யும் மாற்றங்களை வரிவரியாகப் படித்துத் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும்; சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். தப்புப் பிடிக்கச் சம்பளமா என்று கேலி செய்வோம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, எங்கள் பேச்சிலேயே நாலு தப்புப் பிடிப்பாள்.

1997 சித்திரையில் அவள் பார்த்தது, கம்ப்யூட்டரை அணைக்கும்போது ஹார்டு டிஸ்க் என்ன செய்ய வேண்டும் என்ற மாற்றம். அதன்படி ‘இனி மின்சாரத்தை நிறுத்தலாம்’ என்று திரையில் சீக்கிரமே வந்துவிடும். கடைசியாகப் பதிந்ததை டிஸ்க் எழுதி முடிக்க அதற்குப் பிறகும் அரை நிமிடம் ஆகும்; அதற்குள் மின்சாரம் நின்றால் அது அழிந்துபோகும். சேலத்து ஆபீசில் அதைப் பார்த்ததும் யாரும் ஓடிப்போய் சுவிட்சைத் தொடுவதில்லை. பத்துத் தடவை சோதித்தாள், பத்தும் சரி. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த வாரமே அது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஏறியது. காசநோய்க்காரர்கள் யார் எத்தனை மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள் என்பது அதில்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் இருந்தபோது இடி இடித்தது. கணவர் ஆரோக்கியதாஸ் எழுந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்கினார், மெயின் சுவிட்சை இறக்கினார். மலையில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தான் கையெழுத்துப் போட்ட மாற்றம் ஞாபகம் வந்தது.

“ஏனுங்க, ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான பண்ணுவாங்க?”

“பின்ன? இடி உழுந்தா பொட்டி கருகிப்போயிருமில்ல!”

ஒயரை மாட்டி ஆஸ்பத்திரிக்கு டயல் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. அங்கேயும் பிடுங்கியிருப்பார்கள். மலையில் பிறந்தவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று தன்னையே திட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடினாள்.

நர்ஸ் மாதம்மாள் மெயின் பெட்டியருகே நின்றிருந்தார். திரையில் செய்தி வந்துவிட்டது. அவர் கை சுவிட்சுக்குப் போனது.

“தொடாதீங்க அக்கா!”

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டிஸ்க்கின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கரண்ட் தானாகப் போய்விட்டால் என்ன செய்வதென்று பயந்து அழுதேவிட்டாள். ஒருவழியாக விளக்கு அணைந்தது.

“இப்ப இறக்குங்க.”

மாதம்மாள் மெயினை இறக்கினார். தேவகுமாரி விஷயத்தைச் சொன்னாள்.

“எவன் கண்ணு இப்படி எழுதினவன்?”

“எழுதினவரு சேலத்துக்காரருங்க. பாத்துட்டுச் சரின்னு கையெழுத்துப் போட்டது நானுங்க.”

மாதம்மாள் யோசித்தார்.

“நேத்தும் இடி இடிச்சுது கண்ணு. செய்தி வந்ததும் இறக்கிட்டேன். காலையில பொட்டியத் தொறக்கறப்ப என்னமோ நொம்ப நேரம் ஓடுச்சு. நேத்து மாத்திர வாங்கின ஒம்பது பேரு அதுல இருக்காங்களா?”

பார்க்க வேண்டுமானால் மெயினை ஏற்ற வேண்டும். இடி நிற்பதாக இல்லை.